பழைய பிளாஸ்டிக் டப்புகளை என்ன செய்யலாம்?

திருவையாற்று வாசகர்:
வீட்டு விசேஷத்துக்கு வாங்கிய பெரிய டப்புகள் கொல்லையில் கிடக்கின்றன. ஒன்றின் அடியில் விரிசல். எடைக்குப் போட மனம் வரவில்லை. யோசனை சொல்லுங்கள்.

மன்னார்குடி விவசாயி வீட்டுப் பெண்:
போடாதீர்கள் அண்ணா! எங்கள் வீட்டில் டப்பு சும்மா இருந்ததே இல்லை. சம்பா விதைநெல்லை அதில்தான் உப்புக் கரைசலில் கொட்டுவோம். மிதக்கும் பதரை அரித்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஊறவைத்து, ஈரச்சாக்கில் முளைகட்டுவோம். மற்ற நாளில் போர்வை துவைக்க. சோப்புநீரில் ஊறவைத்துக் காலால் மிதித்தால் அழுக்கு போய்விடும் (என் மாமியார் வாஷிங் மெஷினை இன்னும் நம்பவில்லை). விரிசல் விட்டதில் நாலைந்து துளை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி அரைக்கீரை விதையுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:
தண்ணீர் பிடித்து வைத்தால் மூடி வையுங்கள். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். அதன் முட்டை டப்பின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

திருவையாற்று வாசகர்:
கீரைக்கு ஒன்று உறுதி. விதைநெல்லுக்கு உப்பு எவ்வளவு அம்மா?

மன்னார்குடி விவசாயி வீட்டுப் பெண்:
அளவெல்லாம் வேண்டாம். தண்ணீரில் ஒரு நல்ல கோழிமுட்டையைப் போட்டு உப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். பழைய நாலணா அகலத்துக்கு முட்டை மேலே தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.