நம்ம வீடு குழு: வலது பக்கம் திரும்பும்போது

அப்பா, 9:42
காலையில் கலெக்டர் ஆபீஸ் சிக்னலில் வலது பக்கம் திரும்பினேன். எதிரே ஒரு பஸ் திரும்புவதற்காக நின்றது. அதன் மறைவிலிருந்து ஒரு லோடு வேன் நேராக வந்துவிட்டது. நான் பார்க்கவே இல்லை. பீப் என்று சத்தம். நான் மிதிப்பதற்குள் வண்டி தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிட்டது. கை இன்னும் நடுங்குகிறது.

அம்மா, 9:44
பெல்ட் அழுந்திய இடம் வலிக்கிறது. வேன்காரர் முகம் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தது. முருகன்தான் காப்பாற்றினார்.

சித்தப்பா, 9:45
அண்ணி, அடி ஒன்றும் இல்லையே? அண்ணா, இன்று வேறெங்கும் போக வேண்டாம்.

சித்தப்பா, 9:47
முன்னால் போகிற வண்டி நின்றால்தானே நம் வண்டி தானாக பிரேக் போடும் என்றார்கள்?

அண்ணன், 9:58
முதலில் வந்தவை அப்படித்தான் சித்தப்பா. திரும்பும்போது எதிரே வரும் வண்டிக்காகவும் பிரேக் போடுவதை வால்வோ 2014இல் எக்ஸ்சி90 காரில் காட்டியது. கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2020இலிருந்து அதைச் சோதித்து மதிப்பெண் போடுகிறது. 2023இல் எதிரே வரும் பைக்கையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அண்ணன், 10:01
ரேடார் எதிர்வண்டியின் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும். முன்கண்ணாடியில் இருக்கும் கேமரா அது என்ன வண்டி என்று பார்க்கும். இரண்டு வண்டியும் மோதும் என்று தெரிந்தால் முதலில் சத்தம், அப்புறம் பிரேக். ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால் இருப்பது அதற்கும் தெரியாது. வேன் வெளியே வந்த பிறகுதான் பிடித்திருக்கும். 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் வந்துவிடும் அப்பா.

நான், 10:03
அப்பா, பஸ் மறைத்தால் அது நகரும் வரை நில்லுங்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

அண்ணன், 10:04
இண்டிகேட்டர் போட்டிருந்தீர்களா?

அப்பா, 10:05
போட்டிருந்தேன். ஏன்?

அண்ணன், 10:07
உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்தேன். இண்டிகேட்டர் போட்டிருந்தால்தான் நீங்கள் திரும்பப் போவது அதற்குத் தெரியும். போடாவிட்டால் இந்த பிரேக் விழாது.

அம்மா, 10:08
நம் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு நாளும் போட்டதில்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறேன்.

அப்பா, 10:10
சரி. இனிமேல் போடுகிறேன்.

சித்தப்பா, 10:11
தம்பி, என் வண்டியில் இது உண்டா?

அண்ணன், 10:12
கையேட்டில் பிரேக் பற்றிய பக்கங்களை போட்டோ எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.