வெண்டி, அஸ்டோல்ஃபோ, ஜெருடோ உடை லிங்க்: பொண்ணு மாதிரி அழகான பையன் கேரக்டர்களோட காஸ்ப்ளே (கேரக்டர் வேஷம்), ஃபேன் ஆர்ட்ல (ரசிகர் ஓவியம்) கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சி சொல்லுங்க

நூல்கண்டு:
கென்ஷின் இம்பாக்ட் கேம்ல யாழ் வாசிக்கிற வெண்டி காஸ்ப்ளே. யாழை ஏந்தி நின்னுட்டுத் தலையைத் திருப்பினதும் கறுப்புல ஆரம்பிச்சு நுனியில நீலப்பச்சையாகுற முன்பக்கப் பின்னல் ரெண்டும் வெள்ளைச் சட்டை மேல உரசிச்சு. உரசின இடத்துல சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சைத் தீற்றல். அதுக்கப்புறம் எடுத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண்ணு முகத்துக்குப் போகல, அந்தத் தீற்றலுக்குத்தான் போகுது.

விக் இழை செயற்கை. தலைமுடிக்கு அடிக்கிற சாயம் அதுக்குள்ள இறங்காது. அதனால ஆல்கஹால் மார்க்கரோட உள்திரியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ஊறவெச்சு ஸ்ப்ரே பண்றாங்க. நிறம் இழையோட மேல்பரப்புல உட்காரும், அவ்வளவுதான். மேல ஹேர்ஸ்ப்ரே அடிச்சா ஒட்டிக்கும்னு நினைக்கிறாங்க. பல ஹேர்ஸ்ப்ரேல இருக்கறதே ஆல்கஹால்தான், அது காய்ஞ்ச நிறத்தைத் திரும்ப இளக்கிடும். இன்னொண்ணு, கறுப்பு இழை மேல டீல் (நீலப்பச்சை) நிறம் எவ்வளவு அடிச்சாலும் தெரியாது. வெளிர் இழையை நுனியில சேர்த்து அடிச்சாத்தான் தெரியும். அங்கதான் உரசலும் வருது.

வெண்டிக்குச் சாயமே வேண்டாம். கறுப்பு விக் எடுத்து, பின்னலுக்குப் பென்சில் தடிமன்ல டீல் நிற எக்ஸ்டென்ஷன் இழை எடுங்க. அதை மூணாப் பிரிங்க. பின்னல் பாதி இறங்கினதும் முதல் பிரி, 4 செ.மீ. கீழே ரெண்டாவது, இன்னும் 4 செ.மீ. கீழே மூணாவதுன்னு பின்னலோட ஒவ்வொரு புரிக்குள்ளயும் மாத்தி மாத்திச் செருகுங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல செருகினா கோடு கிழிச்ச மாதிரி இருக்கும். நடுவுல 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி ஒண்ணு ஓடட்டும், பின்னல் நீங்க வளைச்ச இடத்துல நிக்கும். கம்பி நுனியை மடக்கி டேப் சுத்திடுங்க, இல்லேன்னா கன்னத்துல குத்தும்.

பென்சில்முனை:
ஃபேட் தொடர்ல பொண்ணு உடை போடுற பையன் அஸ்டோல்ஃபோ, அவனோட ஃபேன் ஆர்ட் ஒண்ணு. பிங்க் முடி, வெள்ளைக் கீற்று, கறுப்பு ரிப்பன், எல்லாம் சரி. கழுத்துக்குக் கீழே மட்டும் வேற யாரோ. தோள் சரிஞ்சு, இடுப்பு அகண்டு, அஸ்டோல்ஃபோ உடையை மாட்டின ஒரு பொண்ணு. அதே வாரம் இன்னொருத்தர் வரைஞ்ச படத்துல தலையைப் பின்னால சாய்ச்சுச் சிரிக்கிறான், தொண்டையில சின்னதா ஒரு நிழல். குரல்வளை மேடு. ரெண்டே கோடு. ஆள் அவனாயிட்டான்!

அழகைக் குறைக்கச் சொல்லல. முகத்துல கை வைக்கவே வேண்டாம். இமை நீளமா இருக்கட்டும், உதடு மெலிசா இருக்கட்டும். வேலை எலும்புல இருக்கு. காரை எலும்பைக் கிட்டத்தட்டப் படுக்கையா, நீளமாப் போடுங்க. தலை அகலத்தை அளவுகோலா வெச்சா தோளுக்கு ரெண்டரை தலை அகலம், இடுப்புக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி. கையைத் தொங்கவிட்டா பொண்ணுங்களுக்கு முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் விலகுற கோணம் சராசரியா அதிகம், பையனுக்கு அதைக் குறைச்சுப் போடுங்க. விரல் மெலிசா இருக்கலாம், கணு தெரியணும். அவன் உயரம் 164 செ.மீ.தான், அதனால தசையை ஏத்தினா கெட்டுப்போகும்.

கத்தரிக்கோல்:
அஸ்டோல்ஃபோ வெள்ளைக் கீற்று பத்தி மட்டும். பிங்க் விக் மேல வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் பூசினதைக் கிட்டத்துல பார்த்தேன். சீப்பு பட்டதும் பொடுகு மாதிரி உதிர்ந்து கறுப்புக் காலர் முழுக்க வெள்ளை. செயற்கை இழையை ப்ளீச் பண்ண முடியாது, அடர் நிறத்துல இருந்து வெளிர் நிறத்துக்குப் போக வழியே இல்ல. முன்நெற்றியில ரெண்டு வரிசை வெஃப்டை (இழைகளைச் சேர்த்துத் தெச்ச பட்டை) பிரிச்சு எடுத்துட்டு, அதே இடத்துல வெள்ளை வெஃப்ட் வெச்சு வளைஊசியால தையுங்க. ஹாட் க்ளூ வேண்டாம், கட்டி தட்டி நெற்றியில துருத்தும்.

யோயோகாரன்:
கில்டி கியர் சண்டை கேம்ல யோயோவை ஆயுதமா வெச்சிருக்கிற பிரிட்ஜெட் காஸ்ப்ளே. யோயோ அந்தரத்துல நிக்குது, படத்துல இல்ல, நேர்ல. நூலுக்குள்ள 3 மி.மீ. அலுமினியக் கம்பி, யோயோ 10 மி.மீ. ஈ.வி.ஏ. ஃபோம்ங்கிற லேசான நுரைத்தகடு. கான்டாக்ட் சிமென்ட் பசையை ரெண்டு பக்கமும் பூசி, விரல்ல ஒட்டாத பதம் வர்ற வரைக்கும் பத்து நிமிஷம் விட்டு அழுத்தியிருக்காங்க. ஈரத்தோட ஒட்டினா வழுக்கிட்டுப் போகும். கனம் கம்மியா இருந்ததாலதான் கம்பி வளையல. பையன் கேரக்டர் காஸ்ப்ளேலயே எனக்கு இதுதான் முதலிடம்.

வெள்ளிமீன்:
யோயோகாரன், வேலைப்பாடு பத்திச் சொன்னது எல்லாம் சரி, ஆனா "பையன் கேரக்டர்"ங்கிறது பழைய கணக்கு. 2002ல வந்த கில்டி கியர் எக்ஸ்எக்ஸ் கேம்ல பிரிட்ஜெட் பையன்தான். ஒரே பால் இரட்டையர் பிறந்தா ஊருக்கு ஆகாதுங்கிற நம்பிக்கையால பொண்ணா வளர்க்கப்பட்ட பையன். 2022 ஆகஸ்ட்ல அதே வரிசையோட ஸ்ட்ரைவ் கேம்ல வந்தப்போ, ஆர்கேட் மோட் கதையில தன்னைப் பொண்ணுன்னு தானே சொல்லிட்டா. உருவாக்கினவங்களும் அதை உறுதிப்படுத்திட்டாங்க. எக்ஸ்எக்ஸ் கன்னியாஸ்திரி உடையைப் போட்டா ஒரு கதை, ஸ்ட்ரைவ் ஹூடி போட்டா வேற கதை. எந்தப் பதிப்புன்னு படத்துக்குக் கீழே எழுதிடுங்க. ஸ்ட்ரைவ் உடைக்கு "அவன்"னு எழுதினா அது கேரக்டரையே தப்பாப் படிச்சது.

யோயோகாரன்:
எக்ஸ்எக்ஸ் உடைதான் அது. ஆனாலும் பதிப்பை எழுதாம விட்டது தப்பு, ஒத்துக்கறேன்.

மணல்காற்று:
செல்டா வரிசையோட ப்ரெத் ஆஃப் தி வைல்ட் கேம் நாயகன் லிங்க், ஜெருடோ வாய் உடை (ஜெருடோ மொழியில 'வாய்'னா பொண்ணு). காரா காரா சந்தையில வீலியா கிட்ட 600 ரூப்பி (கேம் பணம்) கொடுத்து வாங்குற மூணு துண்டு. முக்காடு, வயிறு தெரியற மேல்சட்டை, தொளதொள கால்சட்டை. 2017லேர்ந்து இதைப் பண்ணாத ஆள் குறைவு. கண்ணுல நிக்கிறது ஒரே காட்சி. பேச வாயைத் திறந்ததும் முகத்திரை மூச்சோட உள்ள போய் உதட்டுல ஒட்டிக்கிச்சு, லிப்ஸ்டிக் கறை வட்டமாப் பதிஞ்சிருச்சு. ஷிஃபான் ரொம்ப மெலிசு. ஓரத்துல 4 மி.மீ. மணி வரிசை தெச்சாலே கனத்துல கீழே நிக்கும். மூக்குத்தண்டு மேல வர்ற விளிம்புல மாஸ்க்குக்கு வைக்கிற வளைகம்பி ஒண்ணு போதும்.

பொண்ணுங்க இதைப் போடும்போது ஒரு சிக்கல் வருது. மேல்சட்டை குட்டையா இருக்கறதால பைண்டர் (மார்பைத் தட்டையாக்குற உள்ளாடை) வெளியே தெரியுது.

மூச்சுவிடு:
மணல்காற்று, நீங்க கேட்கல, ஆனாலும் இதைச் சொல்லாம விட மாட்டேன். பைண்டர் தெரியுதேன்னு எலாஸ்டிக் பேண்டேஜ் சுத்துறவங்க இருக்காங்க. சுத்தவே கூடாது! அந்தத் துணி மூச்சோட விரிஞ்சு கொடுக்காது, நேரம் ஆக ஆக இறுகும். விலா எலும்பு வரைக்கும் அடிபடும். பேக்கிங் டேப் அதைவிட மோசம், தோலோட உரிஞ்சு வரும்.

பைண்டர்னா உங்க மார்புச் சுற்றளவை அளந்து அதுக்கான சைஸ்தான். ஒரு சைஸ் குறைச்சு வாங்கினா இன்னும் தட்டையா வரும்னு நினைக்காதீங்க. அதிகபட்சம் 8 மணி நேரம், காஸ்ப்ளே நாள்ல நடை, வெயில், வேர்வை எல்லாம் சேரும், அதனால அதுக்கும் முன்னாடியே கழட்டிடுங்க. ரெண்டை மேல மேல போடக் கூடாது, போட்டுக்கிட்டுத் தூங்கக் கூடாது. கழட்டினதும் நல்லா மூச்சு இழுத்து ரெண்டு தடவை இருமுங்க. விரல் மரத்தாலோ, விலாவுல குத்தினாலோ, படம் பாதியில இருந்தாலும் உடனே கழட்டணும்.

லிங்க் உடைக்குத் தோலுக்குன்னே தயாரிச்ச மார்பு டேப் இருக்கு. 24 மணி நேரம் முன்னாடி கையில ஒரு துண்டு ஒட்டிப் பாருங்க. காம்பு மேல பஞ்சுத் துண்டு வெச்சு, நடுவுலேர்ந்து அக்குள் பக்கமா ஒட்டணும். உடம்பைச் சுத்தி வட்டமா ஒட்டவே கூடாது. கடைசி 5 செ.மீ. இழுக்காம விடுங்க, அங்கதான் கொப்புளம் வரும். எடுக்கறப்போ எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு மெதுவா உரிங்க.

கத்தரிக்கோல்:
பென்சில்முனை சொன்ன ரெண்டரை தலை அகலம் காகிதத்துல சரி. காஸ்ப்ளேல விக் போட்டதும் தலை பெருசாயிடும், தோள் குறுகிடும். அதனால மெல்லிய தோள் பேட் வேணும், 1 செ.மீ. போதும்.

ஆம்பளைங்க போடுறதா இருந்தா பிரச்சினை தோள் இல்ல, தாடி நிழல். ஃபவுண்டேஷனை அடுக்கடுக்காப் பூசினா ஃப்ளாஷ்ல சாம்பலாத் தெரியும். ஷேவ் பண்ணிட்டு, நீலம் தெரியற இடத்துல மட்டும் அந்த நீலத்தை மறைக்கிற கலர் கரெக்டர் தட்டுங்க. வெளிர் தோலுக்குப் பீச், மாநிறத்துக்கு ஆரஞ்சு, கருநிறத்துக்குச் சிவப்பு கலந்த ஆரஞ்சு. தேய்க்காம ஒத்தி எடுங்க, அதுமேல மெலிசா ஃபவுண்டேஷன், கடைசியா பவுடர்.

பென்சில்முனை:
தோள் பேட் பத்திச் சொன்னது சரிதான். ஆனா அஸ்டோல்ஃபோவுக்கு 1 செ.மீ. அதிகம், அரை செ.மீ. வெச்சு ஒரு படம் எடுத்துப் பாருங்க. விக்கையும் உச்சியில உள்பக்கமா ஒரு வரிசை வெஃப்ட் எடுத்து மெலிசாக்கிட்டா தலை தானே சின்னதாகும்.