எச்.இ. 0107-5240: கார்பன், இரும்பு விகிதம் பொருந்தவில்லை, உதவி தேவை

கேள்வி (முதுநிலை இயற்பியல் மாணவி): வணக்கம். 2002-இல் அறிவிக்கப்பட்ட எச்.இ. 0107-5240 என்ற விண்மீனில், சூரியனில் உள்ள இரும்பில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஆனால் கார்பனுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதமோ சூரியனில் இருப்பதைப் போல ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. பெருவெடிப்பில் உருவான வாயுவிலிருந்தே நேரடியாகப் பிறந்த முதல் தலைமுறை விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறிய வாயுவிலிருந்து இது பிறந்தது என்று கொண்டு, 0.2 சூரிய நிறை கார்பனும், 1987ஏ சூப்பர்நோவாவில் (1987-இல் காணப்பட்ட விண்மீன் வெடிப்பு) கண்டறியப்பட்டதைப் போல 0.07 சூரிய நிறை இரும்பும் வெளியேறியதாகக் கணக்கிட்டேன். கிடைத்த விகிதம் சூரியனுடையதைப் போல ஒன்றரை மடங்குதான். ஹைட்ரஜனை எவ்வளவு கலந்தாலும் இரண்டும் சேர்ந்தே நீர்த்துப்போவதால் விகிதம் அசைவதில்லை. எங்கே இடிக்கிறது?

பதில் 1: கார்பன் பிறப்பிலேயே இருந்ததா, துணை விண்மீனிடமிருந்து பிற்பாடு வந்து படிந்ததா என்பதை முதலில் பாருங்கள். முதிர்ந்த சிவப்பு ராட்சத விண்மீன் தன் வாயுவைக் கொட்டியிருந்தால், கார்பனோடு, அத்தகைய விண்மீனுக்குள் உருவாகும் பேரியம் என்ற கன தனிமமும் கூடவே வந்திருக்கும். இந்த விண்மீனுக்குத் துணை உண்டு (இரட்டை) என்பது ஆரத்திசைவேக அளவீடுகளில் (நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகம்) பின்னர் தெரியவந்தது என்றாலும், நிறமாலையில் 4554 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் தேடிய பேரியக் கோடு தென்படவில்லை. ஆகவே பிறவிக் கார்பன் என்றே நான் கருதுகிறேன்.

பதில் 2: உங்கள் கணக்குமுறை சரியானதே, மாற்ற வேண்டியது 0.07 என்ற எண். ஆற்றல் குறைந்த வெடிப்பில், மையத்தை ஒட்டிய நிக்கல்-56 அடுக்கு (பின்னர் இரும்பாகச் சிதைவது இதுவே) தப்ப முடியாமல் கருந்துளைக்குள் திரும்பி விழுகிறது. மேலே தளர்வாகக் கட்டுண்டிருக்கும் கார்பன் அடுக்கு வெளியேறிவிடுகிறது. வானியற்பியலாளர்கள் உமெதாவும் நோமோட்டோவும் 2003-இல் இதே விண்மீனுக்காக அமைத்த 25 சூரிய நிறை மாதிரியில், வெளியேறும் நிக்கல் சூரிய நிறையில் பத்து லட்சத்தில் வெறும் 8 பங்கு. வெறுமனே அடுக்குகளை வெட்டிவிட்டால் இரும்பே மிஞ்சாது என்பதால், திரும்பி விழுவதற்கு முன் உள்பொருள் சிறிதளவு மேலே கலந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பார்வையில் இந்த மாதிரியின் உயிர்நாடியே அந்தக் கலப்புதான்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. அந்த எண்ணை இட்டதும் விகிதம் சுமார் பதினாலாயிரம் மடங்காக வருகிறது. இன்னும் நெருக்கமாகப் பொருத்த நிக்கல் அளவைச் சற்றுக் கூட்டலாமா?

பதில் 2: இப்போது வேண்டாம். விண்மீனில் அளந்த கார்பன் அளவு, நிறமாலையில் சி.எச். (கார்பன்-ஹைட்ரஜன்) மூலக்கூறின் பட்டையிலிருந்து பெறப்பட்டது. அம்மூலக்கூறு வளிமண்டலத்தின் குளிர்ந்த மேலடுக்குகளில் உருவாவதால், பழைய ஒருபரிமாண வளிமண்டல மாதிரிகள் கார்பனைச் சில மடங்கு மிகைப்படுத்திக் காட்டக்கூடும். முப்பரிமாணத் திருத்தம் செய்த மதிப்பை எடுத்துக்கொண்டு, இரும்புக்கும் அதே திருத்தத்தைச் செய்த பிறகு நிக்கலைத் தொடுங்கள்.