பொருள்: ஸ்டாக், ரீச் – மேலெட்டம், முன்னெட்டம் எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்கான சைக்கிளின் சட்ட (ஃபிரேம்) அளவுகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். பெடல்கள் சுழலும் அச்சிலிருந்து, ஹேண்டில்பார் தண்டு இறங்கும் குழாயின் மேல்முனை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக் (stack), எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது ரீச் (reach). இதுவரை வந்த பரிந்துரைகள் இரண்டு:

> ஸ்டாக் – அடுக்கு. ரீச் – அடைவு
> ஸ்டாக் – சட்ட உயரம். ரீச் – சட்ட நீளம்

இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. சட்டத்தில் எதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்படவில்லை. ஹேண்டில்பாருக்கு அடியில் போடும் வளையங்களைத்தான் நிஜமாகவே அடுக்குகிறோம். ‘அடுக்கு 40 மி.மீ.’ என்று எழுதினால் படிப்பவர் அந்த வளையங்களைத்தான் நினைப்பார். ‘அடைவு’ என்றால் தேர்ச்சி என்ற பொருள்தான் முதலில் வந்து நிற்கிறது.

‘சட்ட உயரம்’ அதைவிடச் சிக்கலானது. நான் பட்டதால் சொல்கிறேன். என் உயரம் 191 செ.மீ. முதல் ட்ரையத்லான் சைக்கிள் வாங்கும்போது ‘58, உயரமானவர்களுக்கானது’ என்ற ஒட்டுச்சீட்டை நம்பினேன். காலுக்குத் தக்கபடி இருக்கையை ஏற்றியதும், முழங்கை ஊன்றும் தாங்கிகள் எங்கோ பள்ளத்தில் கிடந்தன. ஒரு மணி நேரம் ஓட்டினால் கழுத்தை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க முடியாது. அந்த 58 என்பது இருக்கையைத் தாங்கும் இருக்கைக்குழாயின் நீளம், செ.மீ.இல். இருக்கையை வேண்டிய மட்டும் ஏற்றி இறக்கலாம், அதனால் அந்த எண் பொருத்தத்தைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. ‘சட்ட உயரம்’ என்று எழுதினால் வாசகர் மறுபடி அந்தப் பழைய எண்ணுக்கே போய்விடுவார்.

இருக்கைப்பக்கத்திலிருந்து ஹேண்டில்பார் பக்கம் ஓடும் மேற்குழாயின் நீளத்தை வைத்து ஒப்பிடுவதும் உதவாது. சாலைச் சைக்கிளில் இருக்கைக்குழாயின் சாய்வு (தரையோடு அமையும் கோணம்) 73 பாகையை ஒட்டி இருக்கும். ட்ரையத்லானில் 76, 78, 80 என்று போகும். சாய்வு ஒரு பாகை கூடினால் இருக்கை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னே வந்துவிடும். பின்முனையே நகர்ந்துகொண்டிருக்கும் நீளத்தை எப்படி ஒப்பிடுவது?

அதனால்தான் நகராத ஒரு புள்ளியிலிருந்து அளக்கிறார்கள். இந்த முறையை ட்ரையத்லான் உலகில் பரப்பியவர் டான் எம்ப்ஃபீல்டு, 1987இல் குவின்டானா ரூ நிறுவனத்தைத் தொடங்கியவர். அளப்பது எளிது, நானே வீட்டில் அளந்திருக்கிறேன். சமதளத்தில் சைக்கிளை நேராக நிறுத்தி, பின்சக்கரம் சுவரைத் தொடும்படி வையுங்கள். கிராங்குகள் (பெடல் மாட்டிய கைகள்) சுழலும் நடு அச்சின் மையம் தரையிலிருந்து எவ்வளவு, சுவரிலிருந்து எவ்வளவு என்று குறியுங்கள். ஹேண்டில்பார் தண்டு இறங்கும் தலைக்குழாயின் மேல்வாய் மையத்துக்கும் அதேபோல் இரண்டு அளவு எடுங்கள். தரை அளவுகளின் வித்தியாசம் ஸ்டாக், சுவர் அளவுகளின் வித்தியாசம் ரீச். அவ்வளவுதான்.

ஆக, இரண்டும் ஒரே அச்சிலிருந்து கிளம்புகின்றன. ஒன்று மேலே எட்டுகிறது, மற்றது முன்னே எட்டுகிறது. சொல்லும் அப்படியே இருக்கட்டும் என்பது என் பரிந்துரை:

ஸ்டாக் – மேலெட்டம்
ரீச் – முன்னெட்டம்

‘கைக்கு எட்டும்’, ‘எட்டத்தில் இருக்கிறது’ என்று தினமும் பேசுகிறோம், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டும் ஒரே வேரில் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்ல வலுவான காரணம் உண்டு. இந்த எண்களைத் தனித்தனியே படித்தால் ஏமாந்துபோவோம். ஒரு பேச்சுக்கு, ஒரு சட்டத்தின் மேலெட்டம் 530, முன்னெட்டம் 440 மி.மீ. இன்னொன்று 570, 430. பார்த்தவுடன் முதல் சட்டம்தான் நீளம் என்று தோன்றும். ஆனால் எனக்குக் கைப்பிடி 570இல் வேண்டுமென்றால் முதல் சட்டத்தில் வளையம் போட்டு 40 மி.மீ. ஏற்ற வேண்டும். தலைக்குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் ஏறும்போதே கைப்பிடி பின்னுக்கும் வரும். 72 பாகைச் சாய்வில் ஒவ்வொரு 10 மி.மீ. ஏற்றத்துக்கும் சுமார் 3 மி.மீ. பின்னால் போகும். 40க்கு 13. மிஞ்சுவது 427. குட்டையாகத் தெரிந்த இரண்டாவது சட்டம்தான் உண்மையில் நீளம்! நெட்டையான ஆட்கள் வளையத்தை நிறையப் போடுகிறவர்கள், அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவைப்படும். (கைத்தாங்கிக்கு அடியில் வைக்கும் கட்டைகள் பல சைக்கிள்களில் நேர்மேலாக ஏறும். அங்கே இந்தப் பின்னகர்வு இராது.)

நெட்டை என்பதிலும் இரண்டு வகை உண்டு. 190 செ.மீ. இருக்கும் இருவரில் ஒருவருக்கு உயரம் காலில், மற்றவருக்கு முதுகிலும் கையிலும். முன்னவருக்கு இருக்கை உயர ஏறும், அதற்கு ஈடாக மேலெட்டம் வேண்டும். பின்னவருக்கு முன்னெட்டம் போதாவிட்டால் முழங்கை வயிற்றுப்பக்கம் ஒடுங்கி, பெடல் மேலே வரும்போது முழங்கால் கையை உரசும். ‘காலால் நெட்டையா, மேலெட்டம் பார்; உடலால் நெட்டையா, முன்னெட்டம் பார்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ‘அடுக்கு, அடைவு’ வைத்து இதைச் சொல்லிப் பாருங்கள், வராது.

> இவ்வளவு சிரமம் எதற்கு? ஸ்டாக், ரீச் என்றே எழுதிவிடலாமே

பேச்சில் அப்படியே சொல்லட்டும், எனக்குத் தடையில்லை. ஆனால் புதிதாக வாங்க வருகிறவர் ‘ஸ்டாக்’ என்றால் கையிருப்பு என்றே எடுத்துக்கொள்கிறார். ‘ஸ்டாக் 570’ என்ற வரியைப் படித்து ‘இத்தனை சைக்கிள் இருக்கிறதா?’ என்று என்னிடம் கேட்டவர் உண்டு.

கைத்தாங்கி வரைக்கும் அளக்கும்போது இதே சொற்களை நீட்டிக்கொள்ளலாம்: தாங்கி மேலெட்டம், தாங்கி முன்னெட்டம். உண்மையில் ஓட்டுபவரின் உடம்பு படுவது அங்கேதான், ஆகவே வாங்கும் முன் கடைசியாகச் சரிபார்க்க வேண்டியதும் அந்த இரண்டு எண்களைத்தான்.

அப்புறம் ஒன்று பாக்கி. இருக்கையின் மேற்பரப்புக்கும் தாங்கிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை ‘இறக்கம்’ என்று முதல் மடலில் எழுதியிருந்தார்கள். மலைச்சாலையில் இறங்குவதும் இறக்கம்தான், ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் குழம்பும். அட்டவணையில் இப்போதைக்குத் ‘தாழ்வு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது கிடைத்தால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.