கார் ரிமோட் சாவி கைவிட்டபோது: காட்பாடி முதல் ஆம்பூர் வரை நம்மவர் அனுபவங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:

காட்பாடி ஜங்ஷனில் தம்பியை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது பார்க்கிங்கில் ஒரு குடும்பம் தங்கள் காரைச் சுற்றி நின்றிருந்தது. குடியாத்தம் போக வேண்டியவர்கள். பாட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மகன் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார், கதவு அசையவில்லை. வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியை பைக்கில் கொண்டுவரச் சொல்லி யாருக்கோ போன் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, சாவியைக் கொஞ்சம் குடுங்க" என்று வாங்கி, பக்கவாட்டில் இருந்த சின்ன விசையை நகர்த்தி இழுத்தேன். உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி ஒன்று வந்தது. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. கதவில் சாவித் துவாரத்தையும் காணோம் என்றார். அவர் காரில் அது கைப்பிடி ஓரத்து பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருந்தது; மூடியின் அடியில் உள்ள பிளவில் அதே சாவியின் முனையை விட்டு நெம்பியதும் கழன்று வந்துவிட்டது. கதவு திறந்ததும் அலாரம் அலறியது, பாட்டி பதறி எழுந்துவிட்டார். சில கார்களில் அப்படித்தான். ரிமோட் இல்லாமல் திறந்தால் யாரோ திருட வந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும். முறைப்படி ஸ்டார்ட் ஆனதும் அடங்கிவிடும்.

உள்ளே உட்கார்ந்தால் டேஷ்போர்டில் 'சாவி இல்லை' என்று காட்டுகிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டு, விரலுக்குப் பதிலாக ரிமோட்டின் மூக்காலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொன்னேன். கியர் வண்டி என்றால் கிளட்சையும் மிதிக்க வேண்டும். வண்டி உடனே உயிர் பெற்றது.

ரிமோட்டுக்குள் பேட்டரி இல்லாமலே வேலை செய்யும் ஒரு சிப் இருக்கிறது. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள்தான் அதற்கு மின்சாரத்தையும் ஊட்டுகிறது, அடையாளத்தையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்தான் இது நடக்கும், அதனால்தான் ஒட்டிப் பிடிக்க வேண்டும். எல்லாக் காரிலும் இடம் பட்டனிலேயே இருக்காது. சிலவற்றில் கப் வைக்கும் குழியில், சிலவற்றில் ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில். உங்கள் வண்டியில் எங்கே என்று மேனுவலைப் புரட்டி இன்றைக்கே பாருங்கள். வீட்டில் கார் ஓட்டுகிற எல்லோருக்கும், முக்கியமாகத் தனியாக ஓட்டிப் போகிற பெண்களுக்கும் பெரியவர்களுக்கும், ஒரு தடவை செய்துகாட்டிவிடுங்கள்.

பேட்டரி மாற்றுவதற்கு ஒரு இடத்தில் "சார், புரோகிராம் பண்ணணும், வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றார்களாம் அந்தக் குடும்பத்திடம். பெரும்பாலான ரிமோட்டுகளுக்கு அது தேவையே இல்லை. காரோடு பேசும் குறியீடு மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்து பழையதை எடுத்துப் புதியதைப் போட்டால் முடிந்தது. சில பழைய மாடல்களில் மட்டும் சாவியைப் போட்டுத் திருப்பி ஒரு பட்டனை அமுக்கச் சொல்லும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு: இரும்புச் சாவியை உருவிய இடத்திலேயே ஒரு பள்ளம் தெரியும். தட்டையான ஸ்க்ரூடிரைவர் முனையில் டேப் சுற்றி, அதில் வைத்து லேசாகத் திருகுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம், இரண்டு பாதியும் பிரியும். பச்சை போர்டில் விரல் படக்கூடாது. பழைய செல் (அந்தச் சின்ன வட்ட பேட்டரி) எந்தப் பக்கம் மேலே பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். எழுத்தும் பிளஸ் குறியும் உள்ள அகலமான முகம் சில ரிமோட்டில் மேலே, சிலவற்றில் கீழே. புதியதை ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். விரல் எண்ணெய் முகத்தில் பட்டால் துணியால் துடைத்துவிட்டு, தகட்டு நாக்கு வளையாமல் சாய்த்து நுழைத்துவிடுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

நான் கார் ஆக்சஸரீஸ் கடையில் வேலை செய்கிறேன். மேலே சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்க வேண்டும்.

செல்லின் மேல் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025 அதே அகலம், ஆனால் 2.5 தான். "ரெண்டும் ஒண்ணுதானே அண்ணா" என்று 2032 இடத்தில் அதைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். கடை வாசலில் வேலை செய்யும். குண்டும் குழியுமான ரோட்டில் வாலாஜா தாண்டுவதற்குள் ஆட்டம் கண்டு தொடுப்பு விட்டுவிடும்.

அதைவிட மோசமானது ஒன்று பார்த்தேன். ஒருவர் 2032 கிடைக்கவில்லை என்று 2016 இரண்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் போட்டிருந்தார். தலா 1.6, ஆகத் தடிமன் சரியாகவே வரும். ஆனால் ஒவ்வொன்றும் 3 வோல்ட், அடுக்கினால் 6 வோல்ட். போர்டு போய்விட்டது. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

மீட்டரில் வைத்து "2.9 காட்டுது, பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பவர்களுக்கும் சொல்கிறேன். லித்தியம் செல் கடைசி வரைக்கும் வோல்டேஜை விட்டுக்கொடுக்காது. சும்மா இருக்கும்போது நல்ல அளவு காட்டும், ரிமோட் சிக்னல் அனுப்பும் அந்த நொடியில் விழுந்துவிடும். உண்மையான அறிகுறி தூரம் குறைவதுதான். முன்பு தெருமுனையிலிருந்து திறந்த கார், இப்போது பக்கத்தில் போய் இரண்டு தடவை அமுக்கினால்தான் திறக்கிறது என்றால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சாவி மாட்டும் ஆணி. நம்ம ஊர்ப் பக்கம் போர்டிகோவில் கார், அதை ஒட்டிய சுவரில் ஜன்னல், ஜன்னல் பக்கத்தில் ஆணி. கீலெஸ் கார், அதாவது சாவியைக் கையில் எடுக்காமலே திறக்கும் கார், 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் குறைந்த அதிர்வெண்ணில் கூப்பிடும், ரிமோட் விழித்துப் பதில் சொல்லும். பக்கத்திலேயே தொங்கினால் சில வண்டிகளில் அந்தக் கூப்பாடு ரிமோட்டைத் தூங்கவே விடாது. செல் சீக்கிரம் தீரும். சாவியை உள் அறைக்கு மாற்றுங்கள். நம்ம மே மாத வெயிலில் டேஷ்போர்டு மேல் போட்டு வைப்பதும் வேண்டாம், சூட்டில் செல் தானாகவே வலுவிழக்கும்.

குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பட்டும் என்று சில செல்களில் கசப்புப் பூச்சு பூசி விற்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே மின் தொடர்பைத் தடுக்கும். புது செல் போட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரிமோட்டைக் குறை சொல்வதற்கு முன் பூச்சில்லாத செல் ஒன்று போட்டுப் பாருங்கள்.

ஆம்பூரிலிருந்து:

கசப்புப் பூச்சு என்று படித்ததும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் எதிர்வீட்டில் ரிமோட் செல் மாற்றிவிட்டுப் பழையதை டீவி மேஜையில் வைத்திருக்கிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தை. நான் மோர் வாங்கப் போனபோது அதன் கடைவாயில் ஏதோ மினுக்கென்று தெரிந்தது. விரலை விட்டு எடுத்தேன். அவன் அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

தீர்ந்துபோன செல்தானே என்று நினைக்காதீர்கள். காரைத் திறக்கச் சக்தியில்லாத செல்லிலும் குழந்தையின் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கும் அளவு மின்சாரம் மிச்சம் இருக்கும். 20 மில்லிமீட்டர் வட்டம் பிஞ்சுத் தொண்டையில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து அங்கே அரிக்கும் காரப்பொருள் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசு வெந்துவிடும். விழுங்கியது கண்ணில் படாமல், எச்சில் ஒழுகுவதும் சாப்பிட மறுப்பதும் மட்டும் தெரிவதும் உண்டு. சந்தேகம் வந்தாலே கிளம்புங்கள். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. எக்ஸ்ரேயும் எண்டோஸ்கோப்பியும் உள்ள ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், புது செல்லின் அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். நமக்கு வேலூர் பக்கத்திலேயே இருக்கிறது, காலை வரை பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

எங்கள் வீட்டில் இப்போது பழைய செல் வெளியே வந்த கையோடு இரண்டு முகத்திலும் செல்லோடேப் ஒட்டி, திருகுமூடி டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

வாணியம்பாடியிலிருந்து:

சத்துவாச்சாரி அண்ணா, எங்கள் வண்டியில் இரண்டு ரிமோட்டுமே ஒரே நாளில் வேலை செய்யவில்லை. இரண்டிலும் செல் மாற்றியும் பயனில்லை. என்ன பார்ப்பது?

சத்துவாச்சாரியிலிருந்து:

இரண்டும் சேர்ந்து படுத்தால் பெரும்பாலும் கோளாறு காரின் 12 வோல்ட் பேட்டரியில்தான். இரும்புச் சாவியால் கதவைத் திறந்து உள்விளக்கைப் பாருங்கள். எரியாவிட்டாலோ மங்கினாலோ அதுதான். அந்த நிலையில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனில் எத்தனை தடவை வைத்தாலும் கேட்காது, ஏனென்றால் சிப்புக்கு மின்சாரம் ஊட்டுவதே கார்தான். பானெட் லீவர் பெரும்பாலும் உள்ளே ஓட்டுநர் பக்கம் முழங்காலுக்குக் கீழே இருக்கும், கம்பியில் இழுப்பது என்பதால் பேட்டரி இல்லாமலும் திறக்கும். பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் நிறுத்தாமல் நேராக பேட்டரி கடைக்கே விட்டுவிடுங்கள்.