பள்ளியில் பூர்வகுடி மொழி வகுப்பு: பெற்றோரை எப்படி உள்ளே கொண்டுவருவது?

கேள்வி: ஆலமரத்தடி

அனைவருக்கும் வணக்கம். பூர்வகுடிக் குடும்பங்களின் பிள்ளைகளும் பிற பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் நான் உறுப்பினராக இருக்கிறேன். வரும் கல்வியாண்டு முதல் தொடக்க வகுப்புகளில் அப்பகுதிப் பூர்வகுடியினரின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளைகள் ஒதுக்குவதென்றும், மாதத்தில் ஒரு மாலை குடும்பங்களுக்கான கூட்டம் நடத்துவதென்றும் முடிவாகியிருக்கிறது. முடிவெடுப்பது எளிதாக இருந்தது. எதைக் கற்பிப்பது, யார் கற்பிப்பது என்று உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகுதான் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

அம்மொழியைத் தங்குதடையின்றிப் பேசுவோர் பெரும்பாலும் தாத்தா பாட்டி வயதினர். பெற்றோர் தலைமுறைக்குக் கேட்டால் புரிகிறது, பேச வாய் எழுவதில்லை. பிள்ளைகளுக்கு எண்களும் சில உறவுப் பெயர்களும் ஓரிரு பாட்டுகளும் தெரியும், அவ்வளவுதான். முதல் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தாய், "எங்களுக்கே பேச வராததைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், வீட்டுக்கு வந்து அவன் யாரோடு பேசுவான்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த நேரத்தைக் கணக்குக்குக் கொடுத்தால் பிள்ளை எப்படியாவது பிழைத்துக்கொள்வான் என்றார் ஒரு தந்தை. ஆசிரியர்களில் சிலரோ, ஆண்டு விழாவில் ஒரு நடனம், உடை, கைவினைக் கண்காட்சி என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம் என்கிறார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

இரண்டு பாடவேளைகளால் உண்மையில் பயன் உண்டா? பெற்றோரை எப்படிச் சேர்த்துக்கொள்வது? பூர்வகுடியல்லாத பிள்ளைகளையும் அதே வகுப்பில் உட்காரவைக்கலாமா? இத்துறையில் பழக்கமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: கல்வெட்டு வாசகன்

பயன் உண்டு. ஆனால் எந்தப் பயன் என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். வாரத்தில் இரண்டு பாடவேளைகளால் மொழியின் ஒலி காதுக்குப் பழகும், அதன்மீது மதிப்பு வரும், தன் வீட்டு மொழிக்குப் பள்ளியிலும் இடம் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியும். சரளமான பேச்சு வராது. வரும் என்று நம்பவைத்துவிட்டு, ஈராண்டு கழித்து "எங்கே பேச்சு?" என்று அவர்கள் கேட்கும்போது விழிப்பதைவிட, இப்போதே உள்ளதைச் சொல்லிவிடுவது நல்லது.

நியூசிலாந்தின் அனுபவம் இதற்குப் பொருந்தும். அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியைப் பள்ளிகளில் கற்பிக்க வேண்டும் என்று 1972இல் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு நாடாளுமன்றத்துக்கு மனு அளித்தார்கள். பாடமாக வைப்பது மட்டும் போதாது என்பது அடுத்த பத்தாண்டுகளில் தெளிவாகியது. எனவே 1982இல், வெலிங்டனுக்கு அருகிலுள்ள வைனுயியோமாட்டாவில், பள்ளிவயதை எட்டாத குழந்தைகளை முதியவர்களின் பொறுப்பில் விட்டு, நாள் முழுவதும் மாவோரி மொழியிலேயே வளர்க்கும் முதல் மொழிக்கூடு திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அத்தகைய கூடுகள் நாடெங்கும் நூற்றுக்கணக்கில் பெருகின. அரசு கட்டிக்கொடுத்து ஆள் போட்டதால் பெருகியவை அல்ல அவை. நிர்வாகம் குடும்பங்களின் கையில் இருந்தது, அதனால்தான் அந்த வேகம் சாத்தியமாயிற்று என்பது என் எண்ணம்.

ஹவாய்த் தீவுகளின் கதை இன்னும் கடுமையானது. அங்கே 1896ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தையே பயிற்றுமொழி ஆக்கியிருந்தது. ஹவாய் மொழி 1978இல் அரசமைப்பின்படி ஆட்சிமொழியான பிறகும் பள்ளிகளில் அந்தத் தடை நீடித்தது. 1984இல் கௌவாய்த் தீவில் முதல் ஹவாய் மொழிக்கூட்டைத் திறந்தவர்கள், சட்டமன்றத்தை விடாமல் நெருக்கி 1986இல் தடையை நீக்கவைத்தார்கள். மறு ஆண்டே அரசுப் பள்ளிகளில் ஹவாய் மொழிவழி வகுப்புகள் தொடங்கின. அக்கூடுகளில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், தாங்களும் மொழி வகுப்புக்கு வர வேண்டும், கூட்டின் வேலைகளில் உழைப்பும் தர வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே நிபந்தனை. உங்கள் பள்ளியிலும் அப்படியொரு நிபந்தனையோடு தொடங்குவதே சரி என்பேன்.

கணக்கைப் பற்றிக் கவலைப்பட்ட தந்தைக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒரு மொழி பேசிவிட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை, புரியாத வேறொரு மொழியில் கணக்குப் படிக்க நேர்வதுதான் உண்மையான இழப்பு. ஒடிசா மாநிலம் பழங்குடிப் பிள்ளைகளுக்குச் சந்தாலி, சவரா, குயி, கோயா முதலிய பத்து மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கிப் பிறகு படிப்படியாக ஒடியாவுக்கு அழைத்துச் செல்லும் திட்டத்தைக் கொண்டுவந்தது இந்தக் காரணத்தால்தான். உங்கள் பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் பொதுமொழியைப் பேசிக்கொண்டே வருகிறார்கள், ஆகவே இரண்டு பாடவேளைகளால் கணக்கு கெட்டுவிடாது. இவ்விரண்டு நிலைமைகளையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதால்தான் இத்தகைய கூட்டங்களில் பாதி நேரம் வீணாகிறது.

பதில்: நடுத்தலைமுறை

முன்னவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன், நிபந்தனை என்ற ஒன்றைத் தவிர. மொழியை விரும்பித் தேடி வந்த குடும்பங்கள் தாமே கட்டிய நிறுவனத்தில் நிபந்தனை பொருந்தும். எல்லோரும் வந்து சேரும் பொதுப் பள்ளியில் அதே நிபந்தனையை வைத்தால், இரண்டு வேலை பார்க்கும் பெற்றோரும் ஏற்கெனவே பள்ளி என்றாலே ஒதுங்கி நிற்போருமே முதலில் விலகிப்போவார்கள். யாருக்காக இதைத் தொடங்குகிறீர்களோ அவர்களே வெளியில் நிற்பார்கள்.

"பேச வாய் எழுவதில்லை" என்று நீங்கள் எழுதியதை மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழியில் பேசியதற்காகத் தண்டித்த வரலாற்றை அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் விரிவாகப் பதிவுசெய்தது. அந்தத் தண்டனையை வாங்கியவர்களில் பலர், தம் பிள்ளைகளாவது அடிபடாமல் வளரட்டும் என்று வீட்டில் அம்மொழியைப் பேசாமலே இருந்துவிட்டார்கள். அப்படி வளர்ந்த பெற்றோரை எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று பேசச் சொன்னால், அடுத்த மாதம் அவர்கள் வரமாட்டார்கள். தவறாகப் பேசினாலும் சிரிக்க ஆள் இல்லாத இடம்தான் அவர்களுக்கு முதலில் வேண்டியது.

இதற்கென்றே பெரியவர்களுக்காக வகுக்கப்பட்ட முறைகள் இருக்கின்றன. மாவோரி மக்களிடையே 1970களின் இறுதியில் உருவான தே அத்தாராங்கி என்ற முறையில் புத்தகம் இல்லை, நோட்டு இல்லை. கணக்கு வகுப்பில் பயன்படும் வண்ணக் குச்சிகளை மேசைமீது பரப்பி வைக்கிறார்கள். நடத்துபவர் ஒரு சிவப்புக் குச்சியை எடுத்துக் காட்டி அதன் பெயரைச் சொல்கிறார், பிறகு நீலம், பிறகு நீளமானது, குட்டையானது, அதை எடு, இவரிடம் கொடு, இதன்மேல் வை என்று போகிறது. முதல் மணி நேரத்திலேயே கற்பவர் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்துவிடும். வேறு மொழி பேசக் கூடாது. ஒருவர் திணறும்போது பக்கத்திலிருப்பவர் அடியெடுத்துக் கொடுக்கக் கூடாது. அவருக்காக இன்னொருவர் பதில் சொல்லவும் கூடாது. அவர் தேடிக் கண்டுபிடிக்கும் வரை மற்றவர்கள் அமைதியாகக் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பே அம்முறையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது, குச்சிகள் இரண்டாம்பட்சம்தான்.

பின்லாந்தின் வடபகுதிப் பூர்வகுடிகளான சாமி மக்களின் மொழிகளில் ஒன்று இனாரி சாமி. சில நூறு பேர் மட்டுமே பேசும் அம்மொழிக்காரர்களும் இதே இடைவெளியைத்தான் எதிர்கொண்டார்கள். 1997இல் மொழிக்கூடு தொடங்கிக் குழந்தைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள், முதியவர்களும் பேசினார்கள், நடுவில் இருக்க வேண்டிய ஆசிரியரும் செய்தியாளரும் பெற்றோரும் இல்லை. ஆகவே 2009இல் பெரியவர்கள் சிலரை ஓராண்டுக் காலம் முழுநேரமாக அம்மொழியைப் படிக்கவைத்தார்கள், அதில் ஒரு பகுதி முதியவர்களின் வீடுகளில் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தபடியே நடந்தது. அவ்வளவு பணமும் நேரமும் உங்கள் பள்ளிக்கு வாய்க்காது. ஆனால் மாத மாலையைச் சொற்பொழிவாக ஆக்காமல், வீட்டின் ஒரு பொழுதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைக் குளிப்பாட்டி உறங்கவைக்கும் பொழுது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் வழக்கமாக வாயில் வரும் "வா", "கையை நீட்டு", "கண்ணை மூடு", "தண்ணீர் சூடா?", "போர்த்திக்கொள்" போன்றவற்றை முதியவர் சொல்ல, பெற்றோர் பழகட்டும். அந்த ஒரு பொழுது மட்டும் வீட்டில் அம்மொழிக்கு உரியதாக இருக்கட்டும், மற்ற நேரங்களில் எம்மொழியிலும் பேசிக்கொள்ளட்டும். வீட்டில் யாரோடு பேசுவான் என்று கேட்ட அந்தத் தாய்க்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது: தொடக்கத்தில் உங்களோடு, இரவில் அரைமணி நேரம்.

பதில்: பனையோலை

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. பூர்வகுடியல்லாத பிள்ளைகள் வகுப்பில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2023-24 கல்வியாண்டு முதல், பூர்வகுடி சார்ந்த பாடம் ஒன்றை முடிக்காமல் எந்த மாணவரும் பள்ளியிறுதிச் சான்று பெற முடியாது. பக்கத்து இருக்கைப் பிள்ளையின் முன்னோர் யார், அந்நிலம் யாருடையது என்பது தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்ததன் விளைவுகளைப் பார்த்த பிறகே அந்த விதி வந்தது. மொழிப்பாடத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை வேண்டும். பிற பிள்ளைகள் வேகமாகக் கற்று முன்னே போகும்போது, "உன் மொழி உனக்கே வரவில்லையா?" என்ற பேச்சு வகுப்பில் எழுந்துவிடக் கூடாது. எழும் வாய்ப்பு உண்டு, ஆசிரியர் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது, எதைக் கற்பிக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமை. நூலகத்தில் ஒரு கதைப் புத்தகம் கிடைத்துவிட்டது என்பதாலேயே அதைப் பாடமாக்கிவிட முடியாது. அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களிடையே, கொயோட்டி என்னும் ஓநாய் போன்ற சிறு விலங்கின் கதைகளையும் நூல் கோத்து விரல்களில் உருவம் காட்டும் விளையாட்டையும் குளிர்காலத்தில் மட்டுமே நடத்துவது மரபு. பாடத்திட்டத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று கோடையில் வைத்தால், அந்தக் குடும்பத்துப் பிள்ளை பாட்டிக்கும் ஆசிரியருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் பல பூர்வகுடிச் சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதும் படத்தைக் காட்டுவதும் தவிர்க்கப்படுகின்றன, சுவரில் ஒட்டும் விளம்பரத்துக்குக்கூட அது பொருந்தும். ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் உரிய அறிவும் உண்டு. எதைக் கற்பிக்கலாம் என்ற பட்டியலை நீங்கள் போட்டு ஒப்புதல் வாங்கச் செல்லாதீர்கள். அப்பூர்வகுடிப் பெரியவர்களைப் பட்டியலிடச் சொல்லி வாங்கிவாருங்கள். பழங்குடி மக்களின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் 2007ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் 14ஆம் பிரிவு, தம் மொழியில், தம் பண்பாட்டுக்கேற்ற முறையில் கல்வி அமைப்புகளை நிறுவி நடத்தும் உரிமையை அம்மக்களுக்கே தருகிறது. பள்ளி நிர்வாகத்திடம் பேசும்போது அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவு செய்வீர்களானால், கோப்பு யாரிடம் இருக்கும், முதியவர் காலமான பின் யாரைக் கேட்டுப் பயன்படுத்துவது என்று பதிவுக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

நடனத்தைப் பற்றி: நடனம் தவறில்லை. அதை ஆடுவோர் எப்போது, எதற்காக ஆடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் மேடையேற்றுவதுதான் தவறு.

கேள்வி கேட்டவர்: ஆலமரத்தடி

மூவருக்கும் நன்றி. ஒரு பொழுதை மட்டும் எடுத்துக்கொள்ளும் யோசனையை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். நிபந்தனை குறித்து எங்கள் கழகத்திலும் இதே கருத்து வேறுபாடு இருக்கிறது, அது உடனே தீராது. இப்போது உடனடியாக நிற்கும் தடை வேறு. கற்பிக்க முன்வந்த மூதாட்டியிடம் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இல்லை என்று நிர்வாகம் தயங்குகிறது. விருந்தினராக வந்துபோகட்டும், சம்பளம் வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: கல்வெட்டு வாசகன்

இந்தத் தடை எல்லா நாடுகளிலும் வந்ததுதான், சட்டத்தாலேயே அதற்கு வழியும் கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டுப் பூர்வகுடி மொழிகள் சட்டம், சான்றிதழ் விதி தகுதியான மொழியாசிரியரை அமர்த்தத் தடையாக இருக்குமானால், அரசு நிதியில் நடக்கும் திட்டங்களில் விலக்கு அளிப்பதைக் கொள்கையாகவே அறிவித்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் மொழிக்குப் பொறுப்பான அமைப்பு ஒருவரின் மொழித்திறனை உறுதிசெய்து பரிந்துரைத்தால், அம்மொழியைக் கற்பிப்பதற்கென்று தனி ஆசிரியர் சான்றிதழ் வழங்கப்படுகிறது. உங்கள் நிர்வாகத்திடம் அவர்களுடைய விதிகளில் இத்தகைய விலக்கோ சிறப்பு நியமனமோ உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் இல்லை என்ற பதிலே எளிதாக வரும்.

அதுவரை, பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரும் அந்த மூதாட்டியும் சேர்ந்தே வகுப்பில் இருக்கலாம். வகுப்பை ஒழுங்கில் வைப்பதும் வருகைப் பதிவும் ஆசிரியர் பொறுப்பு, மொழி மூதாட்டியின் பொறுப்பு, அவர் பேசும்போது ஆசிரியரும் மாணவராக உட்கார வேண்டும். சம்பளத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பாடம் நடத்துபவருக்குக் கூலி இல்லை என்றால், அந்தப் பாடத்துக்கு என்ன மதிப்பு என்பதைப் பிள்ளைகள் மிக விரைவில் கணக்குப் போட்டுவிடுவார்கள். வந்துபோகும் வண்டிச் செலவையும் அதோடு சேர்த்தே கேளுங்கள்.