டோக்கன் எண்ணை டெக்ஸ்ட் ஃபைலில் எழுதலாமா, எஸ்க்யூலைட்டுக்குப் போகணுமா?

முத்து_கோடர்: ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிரும் சர்வர்) பிஎச்பி மொழியில் எழுதிய ஒரு பதிவுப் படிவம். பெயர், போன் நம்பர் வாங்கி ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வரிவரியாகச் சேர்க்கிறேன். கடைசி டோக்கன் எண் இன்னொரு ஃபைலில். அதைப் படித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதுவேன். நேற்று பதிவு திறந்ததும் ஒரே டோக்கன் இரண்டு பேருக்குப் போய்விட்டது. எழுதும்போது லாக் எக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் எழுதும்படி ஃபைலைப் பூட்டுவது) போட்டிருக்கிறேன். முதலில் பெர்மிஷன் டினைட் வந்தது, ஃபோல்டருக்கு 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்ததும் போய்விட்டது. டேட்டாபேஸ் இல்லாமல் சமாளிக்க வழி உண்டா?

கயல்: முதலில் அந்த 777-ஐ எடுங்கள். அதே சர்வரில் இருக்கும் எந்த யூசரும் எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறீர்கள். பிஎச்பி எந்த யூசராக ஓடுகிறது என்று பார்த்து, ஃபோல்டரை அவர் பெயருக்கு மாற்றினால் 700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) போதும். ஃபைல் பப்ளிக் எச்டிஎம்எல்லுக்குள் (பிரவுசரில் எல்லோருக்கும் திறக்கும் ஃபோல்டர்) இருந்தால் இன்னும் மோசம். பெயரை ஊகித்து பிரவுசரில் அடிப்பவன் எல்லா போன் நம்பரையும் அள்ளிக்கொண்டு போவான். ஒரு படி மேலே வையுங்கள்.

டோக்கனுக்கு எஸ்க்யூலைட்தான் சரி, ஒரே ஃபைலில் அடங்கும் சின்ன டேட்டாபேஸ். 2000-லிருந்து இருக்கிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் பிஎச்பியோடு கூடவே கிடைக்கும், தனி சர்வர் வேண்டாம்.

பழைய_டெர்மினல்: ஒரே ஒரு எண்ணுக்கு டேட்டாபேஸா? தம்பி, லாக் போட்டது சரி, போட்ட இடம்தான் தப்பு. எழுதும்போது மட்டும் பூட்டுகிறாய். அதற்கு முன்பே இரண்டு பேர் 41-ஐப் படித்துவிட்டார்கள், இருவரும் வரிசையில் நின்று ஒழுங்காக 42 எழுதுகிறார்கள். படிப்பதற்கு முன்பே பூட்டு. ஃபைலை சி பிளஸ் மோடில் (உள்ளதை அழிக்காமல் படிக்க, எழுத) திற, எஃப்லாக் போட்டுப் பூட்டு, படி, எஃப்ட்ரங்கேட்டில் காலி செய், ரீவைண்டில் தொடக்கத்துக்குப் போ, எழுது, எஃப்ஃப்ளஷில் எழுதியதை ஃபைலுக்குத் தள்ளு, அப்புறம் பூட்டை விடு. எழுத மட்டும் திறக்கும் டபிள்யூ மோடு வேண்டாம், பூட்டு கிடைப்பதற்கு முன்பே ஃபைலைக் காலி செய்துவிடும்.

டெக்ஸ்ட் ஃபைல் என்றால் கிரெப் போட்டுத் தேடலாம், எஃப்டிபியில் இறக்கி நோட்பேடில் பார்க்கலாம். அந்தச் சுகம் எஸ்க்யூலைட்டில் ஏது?

கயல்: சார், லினக்ஸில் எஃப்லாக் என்பது பஸ் சீட்டில் துண்டு போடுவது மாதிரி. மதிக்கிறவன் மட்டும்தான் மதிப்பான். நாளைக்கு வேறொருவர் பூட்டு கேட்காமல் அதே ஃபைலில் எழுதும் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்தால் எல்லாம் போச்சு. டேபிளில் ஆட்டோ இன்கிரிமென்ட் வைத்தால் எண்ணை அதுவே கொடுக்கும், இரண்டு பேருக்கு ஒரே எண் வராது. பாதி எழுதும்போது பிராசஸ் செத்தாலும் ஜர்னலை (மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஃபைல்) வைத்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் எஃப்ட்ரங்கேட்டுக்கும் எழுதுவதற்கும் நடுவில் செத்தால்? காலி ஃபைல். டோக்கன் மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கும்!

பழைய_டெர்மினல்: அது நியாயமான கேள்விதான். ஃபைல் காலியாக இருந்தால் எண் கொடுக்காமல் பிழை காட்டு என்று ஒரு வரி போதும். எஸ்க்யூலைட் மட்டும் என்ன, அதுவும் அதே ஃபைல் பூட்டில்தானே ஓடுகிறது! ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பிஸி டைம்அவுட் (பூட்டு கிடைக்கக் காத்திருக்கும் நேரம்) சரியாக வைக்காமல் 'டேட்டாபேஸ் லாக்டு' என்று புலம்புகிறவர்களைப் பார்த்ததில்லையா? என்எஃப்எஸ் மாதிரி நெட்வொர்க் டிஸ்க்கில் வைக்காதே என்று எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்களே எச்சரிக்கிறார்கள்.

சர்வர்_சுந்தரி: இடையில் ஒன்று. நாளைக்கு இதை டாக்கருக்கு (புரோகிராமை கன்டெய்னர் என்ற தனிப்பெட்டியில் ஓட்டும் கருவி) மாற்றினால், வெளியே டேட்டாவைச் சேமிக்கும் வால்யூம் இணைக்காதவரை கன்டெய்னரைப் புதிதாக்கும்போது இரண்டு ஃபைலுமே போய்விடும். இப்போதைக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் முத்து, பெயரில் வரும் நியூலைனை (புது வரி தொடங்கும் குறி) நீக்குகிறீர்களா? ஒருவர் பெயருக்கு நடுவில் அதை நுழைத்தால் உங்கள் ஃபைலில் இல்லாத ஆள் ஒருவர் பதிவாகிவிடுவார். பெயரை வெட்டுவதாக இருந்தால் எம்பி சப்ஸ்ட்ரிங் (பைட் கணக்கில் வெட்டாத பிஎச்பி ஃபங்ஷன்) போடுங்கள். யூடிஎஃப்-8-இல் (எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் முறை) 'க' ஒன்றே 3 பைட், 'கி' 6. சாதாரண சப்ஸ்ட்ரிங் எழுத்தின் நடுவிலேயே வெட்டும்.

முத்து_கோடர்: ஃபோல்டரை வெளியே எடுத்துவிட்டேன், 700 ஆக்கிவிட்டேன், வேலை செய்கிறது. நியூலைனையும் நீக்கியாச்சு. டோக்கன் எஸ்க்யூலைட்டில், பெயர்கள் பழையபடி டெக்ஸ்டில் என்று வைத்தால் இரண்டு பேர் சொன்னதும் ஆச்சே?

பழைய_டெர்மினல்: அதை மட்டும் செய்யாதே. டோக்கன் கொடுத்து, பெயர் எழுதுவதற்குள் பிஎச்பி நின்றால் ஆளில்லாத டோக்கன் ஒன்று கிடக்கும். எதுவானாலும் இரண்டையும் ஒரே இடத்தில் வை.

கயல்: ஒரே இடம் என்றால் ஒரே டேபிள், ஒரே இன்சர்ட். கிரெப் வேண்டுமானால் ராத்திரி ஒருமுறை சிஎஸ்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய_டெர்மினல்: ஒரே பூட்டுக்குள் இரண்டு ஃபைலையும் எழுதினாலும் நடக்கும்.

கயல்: நடுவில் நின்றால் எதைப் பழைய நிலைக்குத் திருப்புவீர்கள் சார்?